அப்பா பார்த்த படம்… பிள்ளைக்குப் பிடிக்குமா?

1984 ஆகஸ்ட் 24 அன்று 'மைடியர் குட்டிச்சாத்தான்' வெளியானபோது, டிக்கெட்டோடு சேர்த்து ஒரு கண்ணாடியும் கொடுத்தார்கள். ஒருவர் போட்டுக் கழற்றியதை அடுத்த காட்சியில் இன்னொருவர் போட வேண்டும். கண்நோய் ஒட்டிக்கொள்ளும் என்று வதந்தி பரவியது. தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் அதற்குப் படத்திலேயே பதில் வைத்தார். பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, ரஜினிகாந்த், சிரஞ்சீவி என்று அன்றைய பெரிய நட்சத்திரங்கள் திரையில் தோன்றி, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைச் சுத்தம் செய்துதான் கொடுக்கிறோம் என்று சொன்னார்கள்.

பிள்ளையைத் தியேட்டருக்கு அனுப்பலாமா என்று தயங்கிய அம்மாக்களுக்காக எடுக்கப்பட்ட காட்சி அது. குடும்பப் படத்தின் வியாபாரம் எங்கே தீர்மானமாகிறது என்பது அப்பச்சனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இன்று தமிழ் சினிமாவில் பழைய படங்கள் வாரம் தவறாமல் திரும்பி வருகின்றன. 'கில்லி', 'சச்சின்', 'கேப்டன் பிரபாகரன்', 'ஆட்டோகிராஃப்', 'படையப்பா' என்று பட்டியல் நீள்கிறது. ஹீரோவின் பிறந்தநாள், படத்தின் வெள்ளிவிழா, அடுத்த பாகம் வருவதற்கு முன்னோட்டம் என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்த வரிசையில் குழந்தைகளுக்கான படம், குடும்பமே உட்கார்ந்து பார்க்க எடுத்த படம் எத்தனை? விரல் விட்டு எண்ணினால் விரல் மிச்சமிருக்கும். அப்படி ஒரு படத்தைத் தூசு தட்டிக் கொண்டுவந்தால் காசு வருமா என்ற கேள்வியை விநியோகஸ்தர்கள் கேட்கவே தயங்குகிறார்கள். வரும் என்பதுதான் என் முடிவு. ஆனால் பிறந்தநாள் ரிலீஸ் போல நடத்தினால் வராது.

மூன்று முறை திரும்பி வந்த சாத்தான்

'குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம். அப்பச்சனின் மகன் ஜிஜோ இயக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1982-ல், உள்நாட்டிலேயே தயாரான முதல் 70 எம்.எம். படமான 'படயோட்டம்' எடுத்ததும் இதே ஜிஜோதான். கதை மிக எளிது. மந்திரவாதி ஒருவனிடம் அடிமையாக இருக்கும் குட்டிச்சாத்தானைச் சில பிள்ளைகள் விடுவிக்கிறார்கள். அவன் அவர்களுடைய நண்பனாகிறான். குடிக்கு அடிமையான தந்தையோடு ஒரு சிறுமி படும் வேதனை உள்ளே ஓடுகிறது. இளையராஜாவின் இசை. ஒரு பாட்டில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள். அதற்காக ஓர் அறையையே சுழலும்படி கட்டினார்கள். படத்தில் நடித்த பிள்ளைகளுக்குத் தேசிய விருது கிடைத்தது. திரையிலிருந்து ஐஸ்கிரீம் கை எட்டும் தூரத்துக்கு நீண்டு வந்ததை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1997-ல், சில காட்சிகளைச் சேர்த்து அதே படத்தை மறுபடி வெளியிட்டார்கள். நன்றாகவே ஓடியது. அடுத்த ஆண்டு ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்த பகுதிகளோடு இந்தியில் 'சோட்டா சேத்தன்' ஆனது. 2010-ல் பிரகாஷ்ராஜ், சந்தானம் நடித்த புதிய காட்சிகளோடு தமிழில் 'சுட்டிச் சாத்தான்' வந்தது.

1997-ன் வெற்றியை வெறும் ஏக்கம் என்று சொல்லிவிட முடியாது. 1984-ல் பத்து வயதில் பார்த்தவருக்கு அப்போது வயது 23. பெரும்பாலும் கல்யாணம்கூட ஆகியிருக்காது. அரங்கை நிறைத்தவர்கள் அந்தப் படம் முதலில் வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள். அவர்களுக்கு அது பழைய படமே இல்லை.

அது எப்படி முடிந்தது? இடைப்பட்ட காலத்தில் 1993-ல் சன் டிவி வந்துவிட்டது. அதற்கு முன்பே வீடியோ கேசட் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. ஊரில் இருந்த பழைய படங்கள் அத்தனையும் வீட்டுக்குள் வந்துவிட்டன. 'குட்டிச்சாத்தான்' மட்டும் வரவில்லை. வந்தாலும் அதன் உயிரான 3டி வராது. கண்ணாடியும் அதற்கென்று உலோகப் பூச்சுப் பூசிய வெள்ளித்திரையும் இல்லாமல் அந்தப் படத்தை அந்தப் படமாகப் பார்க்க வழியில்லை. தொலைக்காட்சியால் தின்ன முடியாத ஒரே குடும்பப் படம் அது. அதனால்தான் பதின்மூன்று ஆண்டு கழித்தும் தியேட்டரில் அதற்கு விலை இருந்தது.

2010-ல் அந்தக் கணக்கு மாறிவிட்டது. 'அவதார்' அதற்கு முந்தைய டிசம்பரிலேயே வந்து போயிருந்தது. 3டி கண்ணாடி பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. புதிதாகச் சேர்த்த காட்சிகளுக்கும் பழைய படத்துக்கும் இடையே தையல் தெரிந்தது. 1984-ல் எடுத்த பகுதி வரும்போதுதான் படத்துக்கு உயிர் வந்தது என்பது என் எண்ணம். பழைய படத்தை இன்றைய பிள்ளைகளுக்குப் பொருத்தமாக்குகிறேன் என்று இன்றைய நகைச்சுவையை ஒட்டவைப்பவர்கள் அந்த ஒட்டைத்தான் முதலில் பழையதாக்குகிறார்கள்.

நவோதயா அப்பச்சனுக்குச் சென்னையோடு இன்னொரு உறவும் உண்டு. தாம்பரம் அருகே 1995-ல் தொடங்கிய கிஷ்கிந்தா பூங்கா அவருடையதுதான். படத்திலும் பூங்காவிலும் அவர் போட்ட கணக்கு ஒன்றே: பிள்ளை கேட்டால் குடும்பம் கிளம்பும்.

'கில்லி' வேறு கணக்கு

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள் 'கில்லி' வந்தது. 2004 ஏப்ரல் 17-ல் முதலில் வெளியான படத்துக்கு இருபது வயது. 2024-ன் முதல் சில மாதங்கள் தமிழ்ப் படங்களுக்கு வறட்சி. தியேட்டர்களை மலையாளத்தின் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' காப்பாற்றிக் கொண்டிருந்தது. நாயகன் விஜய் கட்சி தொடங்கிய செய்தி இரண்டு மாதப் பழசு. 'கில்லி' புதுப் படங்களுக்கு வராத கூட்டத்தைக் கூட்டியது.

இங்கே தர்க்கம் தலைகீழ். 'கில்லி'யை டிவியில் பார்க்காதவர் தமிழ்நாட்டில் யார்? பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடம் ஆனதால்தான் வந்தார்கள். வில்லன் முத்துப்பாண்டி பேசுவதற்கு முன்பே அரங்கம் பேசியது. படம் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள், கல்லூரிக்குப் போகும் வயதில், தங்களுக்குத் தெரிந்த படத்தைத் தெரியாத நானூறு பேரோடு சேர்ந்து கத்திப் பார்க்க வந்தார்கள். தியேட்டர் மட்டுமே தரக்கூடிய அனுபவம்தான் அதுவும்.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு வரிசை கட்டிய மற்றவர்கள், அந்தக் கூட்டத்தை எந்தப் பழைய படமும் கொண்டுவரும் என்று நினைத்துவிட்டார்கள். ரசிகர் கூட்டம் சனி, ஞாயிறு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை அரங்கு காலி. தியேட்டர்காரர் செவ்வாய்க்கிழமை காட்சியைக் குறைக்கிறார், வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்குகிறார். குடும்பக் கூட்டம் நடந்துகொள்ளும் விதம் இதற்கு நேர்மாறானது. முதல் நாள் வராது. பக்கத்து வீட்டில் கேட்டு, பிள்ளையின் வகுப்பில் யாரோ சொல்லி, இரண்டாவது வாரம் வரும். வர ஆரம்பித்தால் நிற்காது.

அதற்குச் சாட்சி 'கர்ணன்'. பி.ஆர்.பந்துலு இயக்கி 1964 பொங்கலுக்கு வந்த படம். 2012 மார்ச்சில் திவ்யா பிலிம்ஸ் அதன் படத்தையும் ஒலியையும் சீரமைத்து டிஜிட்டலில் வெளியிட்டது. சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடியது. சிவாஜியைக் கொண்டாடிய தலைமுறை அப்போது தாத்தா, பாட்டி ஆகிவிட்டிருந்தது. அவர்களை அழைத்துப் போக மகன் வந்தான். மகனோடு மருமகளும் பேரனும் வந்தார்கள். மகாபாரதக் கதை, தேர், குதிரை, போர் என்று பேரனுக்கும் பார்க்க ஏதோ இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே நிறுவனம் அதே பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை (1965) கொண்டுவந்தது. கப்பல், கொள்ளைக்காரர்கள், கத்திச் சண்டை. அதுவும் நூறு நாளைக் கடந்தது. யாருடைய பிறந்தநாளையும் நம்பி ஓடிய படங்கள் அல்ல இவை.

மறுவெளியீடு நமக்குப் புதிதும் அல்ல. டூரிங் டாக்கீஸ்கள் வாழ்ந்ததே பழைய படத்தால்தான். நகரத்தில் ஓடி முடித்த படப்பெட்டி சிற்றூருக்கு வரும்; எம்.ஜி.ஆர். படம் ஆண்டுக்கொரு முறை அதே ஊருக்குத் திரும்ப வரும். அப்பா பார்த்ததைப் பிள்ளை பார்ப்பது அன்று யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. தொலைக்காட்சி அந்தச் சங்கிலியை அறுத்தது. இன்று டிஜிட்டல் ஒரு வகையில் அதை மீண்டும் இணைக்க வழி செய்திருக்கிறது. அரங்குக்கு ஒரு பிரிண்ட் போட வேண்டிய செலவு போய்விட்டது. சீரமைப்புச் செலவை ஒரு முறை செய்துவிட்டால், பத்துத் தியேட்டருக்கும் இருநூறு தியேட்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஏக்கம் ஒரு முறைதான் விற்கும்

குடும்பப் படத்தைப் புதுப்பிப்பதை ஒரு தொழிலாகவே நடத்தும் ஹாலிவுட்டில் கணக்குகள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. அவற்றில் எனக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவது 'மப்பெட்ஸ்' கதை. ஜிம் ஹென்சனின் துணிப் பொம்மைகள். 1976 முதல் 1981 வரை தொலைக்காட்சியில் வந்து ஒரு தலைமுறையையே சிரிக்க வைத்தவை. 1999-ல் வந்த படம் தோற்றபின் பன்னிரண்டு ஆண்டு பெரிய திரைக்கு வரவில்லை. பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த நடிகர் ஜேசன் சீகல் கதை எழுதி நடிக்க, டிஸ்னி 4.5 கோடி டாலர் செலவில் 2011 நவம்பரில் கொண்டுவந்தது. உலக அளவில் சுமார் 16.5 கோடி டாலர் வசூல். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஒரு பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அந்தப் படத்தின் கதையே, உலகம் மறந்துவிட்ட பொம்மைகள் ஒன்றுகூடி மீண்டும் ஒரு நிகழ்ச்சி நடத்துவதுதான்.

தைரியம் வந்து 2014-ல் அடுத்ததை எடுத்தார்கள். செலவு ஐந்து கோடி டாலர். வசூல் எட்டுக் கோடி டாலர் அளவில் நின்றது, முந்தையதில் பாதி. படம் மோசமில்லை. முதல் முறை வந்த அப்பா அம்மாக்கள் தங்கள் பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டார்கள். அந்த ஆசை தீர்ந்தது. கூட வந்த பிள்ளைக்கு அந்தப் பொம்மைகள் தன்னுடையவை ஆகவில்லை. இரண்டாவது படத்துக்கு வீட்டில் யாரும் அடம்பிடிக்கவில்லை.

பக்கத்தில் 'ஜுமான்ஜி'யை வைத்துப் பாருங்கள். 1995-ல் தாயக்கட்டை உருட்டும் பலகை விளையாட்டு. 2017-ல் அதையே வீடியோ கேம் ஆக்கினார்கள். அப்பாவுக்குப் பெயரும் முரசொலியும் ஞாபகம் இருந்தது. பிள்ளைக்கு வீடியோ கேம் தன் உலகம். வசூல் 96 கோடி டாலர். 2019-ல் வந்த அடுத்த பாகமும் 80 கோடியைத் தொட்டது.

நம்மூரிலேயே இதை நன்றாகச் செய்து காட்டியது டிஸ்னிதான் என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமே. 2016-ல் 'தி ஜங்கிள் புக்' அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 8-ல், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலத்தில் இங்கே வெளியானது. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை வந்த மௌக்லியை மறக்காத பெற்றோருக்காக, அந்தத் தொடரின் இந்தி முகப்புப் பாட்டையே புதிதாகப் பதிவு செய்து விளம்பரப்படுத்தினார்கள். தொடரில் ஷேர்கானுக்குக் குரல் கொடுத்த நானா படேகரையே படத்திலும் பேச வைத்தார்கள். பெற்றோருக்கு அந்தக் குரல், பிள்ளைகளுக்கு உயிரோடு நடமாடும் காடு. இந்தியாவில் அதுவரை எந்த ஹாலிவுட் படமும் பார்க்காத வசூல். மூன்று ஆண்டு கழித்து 'தி லயன் கிங்' படத்துக்குத் தமிழில் அரவிந்த்சாமி, சித்தார்த், ரோபோ சங்கர், சிங்கம்புலி என்று நமக்குத் தெரிந்த குரல்களைத் தேடிப் போட்டார்கள். நம் குடும்பங்களை நம்மைவிட நன்றாக எடைபோட்டு வைத்திருக்கிறார்கள்.

நான்கு டிக்கெட்டின் விலை

இனி நம் கவுன்டருக்கு வருவோம். தமிழ்நாட்டில் படத்தின் வசூல் அதிகாரப்பூர்வமாக எங்கும் வெளியிடப்படுவதில்லை. இத்தனை கோடி என்று போஸ்டரில் அடிப்பதையெல்லாம் நம்பி யாரும் முதல் போட வேண்டாம். ஆனால் ஒரு குடும்பத்தின் செலவைக் கணக்கிட எந்த டிராக்கரும் வேண்டாம். சென்னை மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் வரியோடு 180 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. நான்கு பேருக்கு எழுநூறுக்கு மேல். ஆன்லைனில் எடுத்தால் அதற்கொரு கட்டணம். பார்க்கிங், பாப்கார்ன், பிள்ளை கேட்கும் குளிர்பானம். ஆயிரத்தைந்நூறு இல்லாமல் வீடு திரும்ப முடியாது. யூடியூபில் சும்மா கிடைக்கும் முப்பது வருடப் பழைய படத்துக்கு எந்த அம்மா இதற்குச் சம்மதிப்பார்?

அரசு வைத்திருப்பது உச்சவரம்பு. அதற்குக் கீழே விற்கத் தடை ஏதும் இல்லை. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய குடும்பப் படத்துக்கு 100 ரூபாய்க்குள் ஒரே விலை வைத்தால், நான்கு பேர் ஐந்நூறுக்குள் படம் பார்க்கலாம். இரண்டு வாரம் காலியாக ஓடும் பகல் காட்சியைவிட நூறு ரூபாய்க்கு நிறையும் அரங்கு தியேட்டர்காரருக்கு லாபம்; கேன்டீன் வியாபாரம் தனி. இப்போது வருகிற மறுவெளியீடுகள் முதல் காட்சிக் கொண்டாட்டத்தையும் இரவுக் காட்சியையும் குறிவைக்கின்றன. பிள்ளைகள் வரக்கூடிய நேரம் காலை 11 மணியும் பிற்பகல் இரண்டரையும்தான். ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களே மாணவர்களை வரிசையாக அழைத்து வந்த சலுகைக் காட்சிகள் இருந்தன. அதை மறுபடி தொடங்க ஒரு விநியோகஸ்தரும் இரண்டு தலைமையாசிரியர்களும் பேசினால் போதும்.

விலையைவிடப் பெரிய தடை நெகட்டிவ். தமிழின் முதல் மௌனப்படமான 'கீசகவதம்' இன்று நம்மிடம் இல்லை. முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. அறுபதுகளின் ஈஸ்ட்மென் கலர் படங்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகின்றன. படச்சுருள் சிதையத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். லேப்கள் மூடப்பட்ட பிறகு எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்பதே பல தயாரிப்பாளர் குடும்பங்களுக்குத் தெரியாது. நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், டிவி உரிமை இன்னொருவரிடம், பாட்டு மூன்றாமவரிடம். இத்தனைக்கும் உலகத்தின் படங்களைச் சீரமைத்துக் கொடுக்கும் பிரசாத் நிறுவனம் இருப்பது சென்னையில்தான்.

முடியாத காரியம் இல்லை இது. ஜி.அரவிந்தன் 1979-ல் பிள்ளைகளை வைத்து எடுத்த 'கும்மாட்டி'யின் மூல நெகட்டிவ் கிடைக்கவே இல்லை. மிஞ்சிய பிரிண்ட்களை வைத்து ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2021-ல் அதை மீட்டெடுத்தது. 'மாயாபஜார்' (1957) தெலுங்கில் 2010-ல் வண்ணமாக்கப்பட்டு வெளியாகி ஓடியது. கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜனைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை உண்டா? அதே படத்தைத் தமிழிலும் எடுத்தார்கள். நம்முடையதை யாரும் தொடவில்லை.

எதில் முதல் போடலாம்?

என்னைக் கேட்டால் மூன்று படங்களைச் சொல்வேன். ஜெய்சங்கர் நடித்த 'பட்டணத்தில் பூதம்' (1967) பிள்ளைகளுக்கு இன்றும் பிடிக்கும், ஆனால் அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் தாத்தாக்கள். வாங்கும் கை அப்பாவுடையது. மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) தரத்தில் முதலிடம். இளையராஜாவின் 500-வது படம், பேபி ஷாமிலிக்குத் தேசிய விருது, குடியிருப்பு முழுக்கப் பிள்ளைகளின் அட்டகாசம். மனவளர்ச்சி குன்றிய குழந்தையை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும் கதை முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் பேசப்பட வேண்டியது. அதன் முடிவைத் தாங்குமா இன்றைய ஐந்து வயது என்று பெற்றோர் யோசிப்பார்கள் என்பது மட்டுமே வியாபாரத் தடை.

நிச்சயமாக ஓடும் என்று நான் பந்தயம் கட்டக்கூடியது 'ராஜா சின்ன ரோஜா' (1989). ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பி.முத்துராமன் இயக்கம். ரஜினியும் பிள்ளைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிப் பாடும் பாட்டை 1989-ல் பார்த்தவர்களுக்கு இன்று நாற்பதுக்கு மேல். அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அப்பாவுக்கு ரஜினி, பிள்ளைக்குக் கார்ட்டூன், அம்மாவுக்குப் பிள்ளைகளைத் திருத்தும் கதை. அந்தப் பாட்டை 4கே-யில் துடைத்தெடுத்து, ஒலியைச் சீர்செய்து, ஒரு காட்சியைக்கூடப் புதிதாக ஒட்டாமல் வெளியிட வேண்டும். ரஜினியின் பிறந்தநாளான டிசம்பர் 12 வேண்டாம். அன்று ரசிகர்கள் வந்து கொண்டாடிவிட்டுப் போய்விடுவார்கள். குடும்பம் வருவதற்குள் படம் தூக்கப்பட்டிருக்கும்.

மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சரியான நாள். தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், வெயிலுக்கு ஏ.சி. அரங்கு போதாதா என்று பெரியவர்களே கிளம்புவார்கள். ஒரு படத்துக்கு இரண்டாவது வாரம் தியேட்டர் கிடைக்குமா என்பதைத் திங்கட்கிழமை மேட்னியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மே மாதத்தில் அந்தத் திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் கிடையாது.